சார், அது என் எடம்!

வீட்டுக்குப் பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் நாம் முதலில் செய்கிற காரியம் வரவேற்பது இல்லை, மறைப்பது. கொடியில் காய்கிற துணிகளை உருவி பீரோவுக்குள் திணிப்போம். கால் உடைந்த நாற்காலியைச் சுவரோடு சாய்த்து அதன்மேல் ஒரு துண்டைப் போடுவோம். கூடத்தில் கிடக்கிற தட்டுமுட்டுச் சாமான்களைத் தோட்டத்துப் பக்கம் தள்ளிக் கதவைச் சாத்துவோம். அப்புறம் நெற்றியில் விபூதியும் முகத்தில் சிரிப்புமாக வாசலில் போய் நிற்போம். வந்தவரும் "வூடு நல்லா இருக்குதே" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் தெருமுனை திரும்பியதும் பீரோவைத் திறந்தால் துணியெல்லாம் நம் தலைமேல் சரியும்.

இந்தப் பழக்கத்தால் ஒரு ஹைஸ்கூலுக்கு வரவேண்டிய கட்டடத்தையே நான் வராமல் செய்ய இருந்தேன். இன்றைக்கு அந்தக் கட்டடம் நிற்கிறது என்றால் அது எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதர் கருணை. என் பங்கு அதில் ஒன்றும் இல்லை. (இருக்கிறது, ஆனால் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.)

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குகிற வேலை. மின்சார ஃபியூஸ் கட்டை, சின்னச் சின்ன பொம்மை, ஊறுகாய் ஜாடி எல்லாம் எங்கள் சூளையில் வேகும். சாமான் வாங்க வெளியூர்க்காரர் யாராவது வருகிறார் என்றால் முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார். "செல்வராசு, பாத்துக்க" என்பார். அந்த ஒரு வார்த்தை போதும். கீறல் விழுந்தது, கோணிக்கொண்டது, காது உடைந்த ஜாடி எல்லாம் சாக்குக்கு அடியில் போய்விடும். நல்ல சாமான்கள் மட்டும் முன்வரிசையில் பளபள என்று நிற்கும். அந்த வேலையில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு வருடத்தில் எங்கள் பெண் பெரியநாயகி, ஊரில் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். (எங்கள் ஊர் அம்மன் பெயர். ஆசையாக வைத்தேன். "கிளாசுல எல்லாரும் பிரியா, திவ்யா, நான் மட்டும் பெரியநாயகியாப்பா?" என்று இன்றுவரை கேட்கிறாள். வீட்டில் நாயகி.)

அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த கூட்டத்தை எப்படிச் சொல்வது? தேர்த்திருவிழா அன்று சன்னதித் தெரு இருக்குமே, அந்தக் கூட்டத்துக்குக் கையில் ஆளுக்கொரு ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்தால் எப்படியோ அப்படி. டவுன் பிள்ளைகள் போதாதென்று கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸிலிருந்தும் தினமும் ஒரு படை இறங்கும். பெஞ்சில் இடம் கிடைத்தவர்கள் ராஜபரம்பரை. அடுத்த தகுதிக்காரர்கள் தரையில். ஜன்னல் திட்டில் இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பஸ்ஸில் தொங்குகிற மாதிரி. டீச்சருடைய மேசைக்கு அடியில்கூட ஒல்லியான பிள்ளைகள் மூன்று பேர். டீச்சர் அசதியில் காலை நீட்டினால் மேசை "ஐயோ" என்று கத்தும். எட்டாம் வகுப்பு புளியமரத்தடியில் நடந்தது. ஆறாவதில் ஒரு பிரிவு சைக்கிள் கொட்டகைக்குள். சைக்கிள்கள் வெயிலில் நிற்கும்.

எங்கள் நாயகிக்குக் கிடைத்த இடம் வகுப்பின் வாசற்படி. அவளில் பாதி உள்ளே, பாதி வெளியே. மழை பெய்தால் இடது பக்கம் மட்டும் நனைந்து வீட்டுக்கு வருவாள். உள்ளேயிருந்து கணக்குப் பாடம் வலது காதில் விழும். வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் பி பிரிவின் வரலாற்றுப் பாடம் இடது காதில் விழும். ஒரு பரீட்சையில் அக்பருக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தது யார் என்ற கேள்விக்கு 'எக்ஸ்' என்று எழுதிவிட்டு வந்தாள். வெளியே போகிறவர், உள்ளே வருகிறவர் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். பாதிப் பாடம் "கொஞ்சம் நவுரு நாயகி"யிலேயே போய்விடும்.

இந்த நிலையில்தான் நான் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் துணைத் தலைவர் ஆனேன். எப்படி என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் "யாராவது பொறுப்பு ஏத்துக்கிறீங்களா?" என்று தலைமையாசிரியை கேட்ட நேரத்தில், குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்காக நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். தண்ணீர் கடைசி வரை கிடைக்கவில்லை.

பதவிக்கு வந்ததும் முதல் விஷயமே பெரிய விஷயமாக வந்தது. கல்வி அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்க்கப் போகிறார். பார்த்துவிட்டு இரண்டில் ஒன்று முடிவு செய்வார். ஒன்று, புதிதாக வகுப்பறைகள் கட்டித் தருவது. இல்லையென்றால் ஷிப்ட். அதாவது, பாதிப் பிள்ளைகள் விடிந்ததும் வந்து மத்தியானம் போகவேண்டும். மீதிப் பாதி மத்தியானம் வந்து இருட்டினபிறகு போகவேண்டும். பெண்பிள்ளைகளுக்கு எந்த ஷிப்ட் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு ஷிப்ட் என்றதும் ஒரே குஷி. என் அறிவைக் காட்ட நல்ல சந்தர்ப்பம் என்று வீட்டில் ஆரம்பித்தேன்.

"தனம், ஷிப்ட் நல்ல யோசனைதான். எங்க கம்பெனியில மூணு ஷிப்ட் ஓடுது. சூளை ஒரு நாளாச்சும் அணைஞ்சிருக்கா?"

என் மனைவி தோசைக்கரண்டியை இறக்காமலே திரும்பினாள்.

"ஏங்க, உங்க கம்பெனியில வேவுறது ஜாடிங்க. வெந்த ஜாடி இருட்டுல தனியா நடந்து வூட்டுக்கு வருதா? சொல்லுங்க, வருதா?"

"வராது."

"அப்ப பேசாம சாப்பிடுங்க. இருட்டுன பொறவு அனுப்புறதுன்னா நாயகிய நிறுத்திடுவேன். தையல் கிளாசுல சேத்து விட்டுடுறேன். நான் சொன்னா சொன்னதுதான்."

தனம் சொன்னால் சொன்னதுதான். அவள் அண்ணன் கல்யாணத்துக்கே போகமாட்டேன் என்று சொல்லிப் போகாமல் இருந்தவள். நாயகி உள்ளே கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வைத்த தோசை அப்படியே இருந்தது. பக்கம் புரளும் சத்தமும் கேட்கவில்லை. அப்போதே ஆழத்துப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன். அப்பனே, கட்டடம் வரவேண்டும், ஷிப்ட் வரக்கூடாது. பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உன் பேரால் சுண்டல் தருகிறேன்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் தலைமையாசிரியை என்னையும் டிரில் மாஸ்டரையும் கூப்பிட்டு நிறுத்தித் தெளிவாகச் சொன்னார்.

"ஐயா, நாளைக்கு ஒண்ணுமே பண்ணக்கூடாது. கோலம் வேணாம், தோரணம் வேணாம், சுண்ணாம்பு வேணாம். ஒரு பிள்ளை லீவு போடக்கூடாது. இருக்குறது இருக்குற மாதிரியே இருக்கணும். வர்றவரு காலு வைக்க எடமில்லாம தடுமாறணும். புரியுதுங்களா?"

"புரியுதுங்க டீச்சர்" என்றேன். புரியவும் செய்தது. அதுதான் இதில் கொடுமை.

மறுநாள் காலை தனம் அவித்துக் கொடுத்த கொண்டைக்கடலைச் சுண்டலை ஒரு பெரிய அண்டாவில் வைத்து, ஆட்டோவில் ஏற்றிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். தலைமையாசிரியை கையில் ஒரு சால்வையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். அதிகாரி கடலூர் ரோட்டில் வருகிறார், ஊர் எல்லையிலேயே வரவேற்று அழைத்துவர வேண்டும் என்றார். போகும்போது சும்மா போயிருக்கலாம். திரும்பி என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

"செல்வராசு ஐயா, பாத்துக்குங்க."

பாத்துக்குங்க! என் உடம்புக்குள் ஏதோ ஒரு சுவிட்சை யாரோ தட்டிவிட்ட மாதிரி இருந்தது. நிமிர்ந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற பள்ளிக்கூடம்தான். ஆனால் அன்றைக்கு அது ஒரு பெரிய அதிகாரி வரப்போகிற பள்ளிக்கூடம். மரத்தடியில் பிள்ளைகள். கொட்டகையில் பிள்ளைகள். மேசைக்கு அடியில் ஒரு பிள்ளை காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது. ஜன்னலில் ஒருவன் வாயைப் பிளந்து தூங்குகிறான். வாசற்படியில் என் பெண், பாதி உள்ளே பாதி வெளியே. வருகிறவர் என்ன நினைப்பார்? இவ்வளவுதானா இந்த ஊர் என்று நினைக்கமாட்டாரா? வெட்கம் பிடுங்கித் தின்றது. எதற்காக வருகிறார் என்பதே மறந்துபோய், வருகிறார் என்பது மட்டும் மண்டைக்குள் நின்றது.

டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டேன். "மாஸ்டரே, கொஞ்சம் ஒழுங்கு பண்ணிடலாமா?"

'ஒழுங்கு' என்ற வார்த்தையைக் கேட்டால் போதும், அவர் விசிலை வாயில் வைத்துவிடுவார்.

சூளையில் சாமான் அடுக்கும்போது ஒன்றோடு ஒன்று முட்டாமல் விரல் நுழைகிற அளவு இடைவெளி விடுவோம். முட்டினால் வேகும்போது ஒட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கில் பிள்ளைகளை அடுக்கினேன். ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர், நடுவில் தாராளமாக இடைவெளி. தரை காலி. ஜன்னல் காலி. மேசைக்கு அடியிலிருந்து மூன்று பேரையும் வெளியே எடுத்தேன். பார்க்கப் பார்க்க எனக்கே கண் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு சின்னச் சிக்கல்தான். பள்ளிக்கூடத்தில் பாதிக்கு மேல் வெளியே நின்றது.

கீறல் விழுந்த ஜாடி என்றால் சாக்கைப் போட்டு மூடிவிடலாம். பிள்ளைகளை எங்கே வைப்பது? அப்போதுதான் பிள்ளையாரே எனக்குள் பேசினார் என்று நினைத்தேன். (அவர் பேசவில்லை என்று இப்போது தெரிகிறது.) எப்படியும் சுண்டல் கொடுக்க வேண்டும். கோவில் பக்கத்தில்தான். மிச்சப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய், கட்டடத்துக்காக வேண்டிக்கொண்டு, சுண்டலையும் கொடுத்துத் திரும்பிவிடலாம். அதிகாரி எங்கே சொன்ன நேரத்துக்கு வரப்போகிறார்? காலையில் வருகிறேன் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்.

நாயகி வாசற்படியிலிருந்து எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, டீச்சர் எல்லாம் அப்படியே இருக்கணும்னு சொன்னாங்க இல்ல?"

"சாமி காரியத்துல குறுக்க பேசாத. முன்னால போய் நில்லு. சத்தமா சாமி பேரு சொல்லிக்கிட்டே வா."

"நான் வரலப்பா. எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

"துணைத் தலைவர் பொண்ணு பின்னால நின்னா நல்லா இருக்குமா?"

அவள் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையிலேயே பின்னால் வரப்போவது எழுதியிருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டேன். கரண்டி அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் தெரு நிறையப் பிள்ளைகள். டீக்கடைக்காரர் "என்னாங்க செல்வராசு, ஸ்கூல காலி பண்றாங்களா?" என்று கேட்டார். பெருமையாகச் சிரித்தேன்.

கோவிலில் ஒரு குறையும் இல்லை. ஆழத்துப் பிள்ளையார் தரைக்குக் கீழே படியிறங்கிப் போய்ப் பார்க்கிற சாமி. சின்ன இடம். பிள்ளைகள் வரிசையாக இறங்கி, நெருக்கியடித்து நின்று, கும்பிட்டு ஏறினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நெருக்கியடிக்க யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மாதா கோவிலுக்குப் போகிற ஸ்டெல்லா என்ற பிள்ளை மட்டும் என்னிடம் வந்து, "அங்கிள், நான் மேலயே நின்னு எங்க மாதாகிட்ட கேக்குறேன். சுண்டல் உண்டா?" என்றது. "எந்த சாமிகிட்ட கேட்டாலும் கட்டடம் ஒண்ணுதான் தாயி, வாங்கிக்க" என்றேன். ஆளுக்கொரு காகிதப் பொட்டலம். கண்ணீர் மல்க நானும் வேண்டிக்கொண்டேன். அப்பனே, அதிகாரி மனசில் இரக்கம் வரவேண்டும்.

அதே நேரத்தில் அதிகாரி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

அவர் வேப்பூரில் ஏதோ வேலையை முடித்துக்கொண்டு அந்த ரோட்டில் வந்துவிட்டார். தலைமையாசிரியை கடலூர் ரோட்டில் சால்வையோடு போகிற ஜீப்பையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பள்ளிக்கூடத்தில் எதிரே போய் நின்றவர் டிரில் மாஸ்டர். அவர் காலைத் தட்டி சல்யூட் அடித்து, "எல்லாம் ஒழுங்கா இருக்குது சார்!" என்றாராம்.

அதிகாரி வகுப்பு வகுப்பாகப் போனார். பெஞ்சுக்கு மூன்று பேர். தரை துடைத்து வைத்த மாதிரி. புளியமரத்தடியில் ஒரு காக்காய். "நல்ல காத்தோட்டமா இருக்குதே" என்றாராம். "கூட்டம் தாங்கலன்னு கெஞ்சிக் கெஞ்சி எழுதினீங்க. இன்னும் ஒரு ஊரு பிள்ளைங்கள இங்க ஒக்கார வைக்கலாம் போலிருக்குதே?" டிரில் மாஸ்டர் இன்னொரு சல்யூட் அடித்தாராம். கட்டடமும் கிடையாது, ஷிப்ட்டும் வேண்டியதில்லை, அக்கம்பக்கத்துப் பள்ளியில் இடமில்லாதவர்களை எல்லாம் இங்கே அனுப்பச் சொல்கிறேன் என்று முடிவு சொல்லிவிட்டு, ஒன்பதாம் வகுப்பு வாசற்படியில் வந்து நின்றபோதுதான், தெருமுனையில் 'நமசிவாய' சத்தம் கேட்டது.

நாங்கள் வந்தோம். நெற்றி நிறைய விபூதி. கை நிறையப் பொட்டலம். முன்னால் நான், தலையில் காலி அண்டா, அதில் கொம்பு மாதிரி கரண்டி.

"யாருய்யா இவங்க?" என்றார் அதிகாரி.

"பிள்ளைங்க சார்."

"எந்த ஸ்கூலு பிள்ளைங்க?"

"இந்த ஸ்கூலுதான் சார்."

"இந்த ஸ்கூலு பிள்ளைங்க உள்ள ஒக்காந்திருக்காங்களே, இப்பதான பாத்துட்டு வரேன்."

"அதுவும் இந்த ஸ்கூலுதான் சார். இது மீதி."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு பொட்டலங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ விளங்கிவிட்டது. ஆனால் தப்பாக விளங்கிவிட்டது.

"ஓஹோ. கூட்டம் காட்டுறீங்களா? எந்த ஊர்லேருந்து ஏத்திட்டு வந்தீங்க? மீட்டிங்குக்கு ஆள் சேக்க பிரியாணி குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். உங்க ஊருல சுண்டலுக்கே கூட்டம் சேருதா?"

"ஐயோ சார், எல்லாரும் யூனிபார்ம் போட்டிருக்காங்க பாருங்க!"

"எல்லா கவர்மெண்ட் ஸ்கூலுக்கும் அதே யூனிபார்ம்தான்யா. நீ யாரு? சமையல் காண்ட்ராக்ட்டா?"

"துணைத் தலைவர் சார்." அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

உண்மை அத்தனையும் என் பின்னால் வரிசையாக நிற்கிறது. ஆனால் அது பொய்யைவிடப் பொய்யாகத் தெரிகிறது. ஒரு பையனைக் கூப்பிட்டு எந்த ஸ்கூல் என்று கேட்டார். அவன் வாய் நிறையக் கடலை. "ழ்ழ்ழ" என்றான். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு வரிசையில் முதலாவதாக நின்ற பெண்ணைக் கூப்பிட்டார்.

முதலாவதாக நின்றது நாயகி. எனக்கு உயிர் வந்தது. என் பெண், உண்மையைச் சொல்வாள், பிரச்சினை தீர்ந்தது.

"இங்க வாம்மா. பயப்படாத. இவரு யாரு?"

நாயகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வியர்வையில் விபூதி கரைந்து என் மூக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. அண்டாவிலிருந்து சுண்டல் தண்ணீர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஊக்கமாகச் சிரித்தேன். பள்ளிக்கூடமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியாது சார்" என்றாள்.

தலைமையாசிரியை ஆட்டோவில் வந்து இறங்கியது அந்த நொடியில். மூச்சு வாங்க, சால்வை ஒரு பக்கம் தரையில் இழுபட, ஓடி வந்தார். காலியான தரையைப் பார்த்தார். வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மட்டும் எங்கள் சூளைக்குள் வைத்திருந்தால் கம்பெனிக்கு ஒரு வருஷத்து விறகு மிச்சம்.

"சார், இவங்க எல்லாம் எங்க பிள்ளைங்கதான் சார்" என்றார்.

"டீச்சர், நீங்களுமா?" என்றார் அதிகாரி. "சரி, ஒரே ஒரு கேள்வி. உங்க பிள்ளைங்கன்னா தினமும் இங்கதான ஒக்காருவாங்க? எங்க, அவங்கவங்க எடத்துல போய் ஒக்காரச் சொல்லுங்க, பாப்போம்."

மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்துத்தான் சொன்னார். அவர் நினைத்ததில் தப்பில்லை. வெளியூரிலிருந்து பிடித்து வந்த கூட்டம் என்றால் முழித்துக்கொண்டு நின்றிருக்கும்.

டிரில் மாஸ்டர் விசில் ஊதினார்.

அப்பா! மதகைத் திறந்த மாதிரி இருந்தது. எந்தப் பிள்ளையும் யோசிக்கவில்லை, முட்டவில்லை, தேடவில்லை. இரண்டு பேர் ஓடிப்போய் ஜன்னலில் ஏறி, எப்போதும் பிடிக்கிற கம்பியைப் பிடித்தார்கள். மூன்று பேர் மேசைக்கு அடியில் போய் மடங்கினார்கள். நான் அழகாக இடைவெளி விட்டிருந்த பெஞ்சுகளில் இருந்தவர்கள் கண் இமைக்காமல் நகர்ந்து கொடுத்தார்கள். இரண்டு பேருக்கு நடுவில் விரல் நுழைகிற இடமும் இல்லாமல் போயிற்று. ஆறாவதுப் பிள்ளைகள் கொட்டகைக்குள் புகுந்தார்கள். தரை மறைந்தது. சுவர் மறைந்தது. அதிகாரி வாசற்படியில் நின்றபடி உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிப் பார்த்தார்.

நாயகி அவர் எதிரில் வந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகச் சொன்னாள்.

"சார், அது என் எடம்."

அவர் குனிந்து பார்த்தார். நின்றுகொண்டிருந்தது வாசற்படி. "இங்கயா ஒக்காருவ?"

"ஆமா சார். பாதி உள்ள, பாதி வெளிய."

அவர் அவசரமாக உள்ளே ஒரு அடி வைத்தார். அங்கே ஒரு பையன், "சார், அது என் எடம்" என்றான். சுவரோரம் ஒதுங்கினார். "சார், இது என் எடம் சார்." கரும்பலகையோடு ஒட்டி நின்றார். "சார், அங்க குமாரு ஒக்காரணும்." வராண்டாவுக்குத் தாண்டி வந்தார். "சார், இது பி செக்சன்." வராண்டாவிலிருந்து இறங்கினார். "சார், படிக்கட்டு எங்களுது." எங்கே கால் வைத்தாலும் அங்கே ஒரு பிள்ளையின் இடம். மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு அடியாக அவரைப் பள்ளிக்கூடத்தை விட்டே வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கடைசியில் புளியமரத்தடியில் நிறுத்தியிருந்த தன் ஜீப்புக்கு வந்து, ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி மூச்சு விட்டார்.

ஒரு குட்டிப் பெண் ஜீப்பைத் தட்டியது. "சார், வண்டிய கொஞ்சம் எடுக்கச் சொல்றீங்களா? இது எட்டாங் கிளாசு சார்."

ஜீப் ரோட்டுக்குப் போய்விட்டது. நானும் தலைமையாசிரியையும் டிரில் மாஸ்டரும் பின்னாலேயே ஓடினோம். அண்டா இன்னும் என் தலையில்தான் இருந்தது. இறக்கி வைக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அதிகாரி சிரித்துக்கொண்டிருப்பார் என்று பார்த்தால், இல்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"எதுக்குய்யா மறைச்சீங்க? நான் இதப் பாக்கத்தானே வந்தேன்?"

"நீங்க வர்றீங்களேன்னு சார்" என்றேன். அதுதான் உண்மையும்கூட.

அவர் பக்கத்தில் நின்ற டிரில் மாஸ்டரிடம், "நான் போற எடத்துல எல்லாம் இப்படித்தான் பண்றாங்களா?" என்று கேட்டார்.

டிரில் மாஸ்டர் காலைத் தட்டி, "ஆமா சார்!" என்றார்.

"அப்ப இத்தனை நாளா நான் எதப் பாத்தேன்?"

ஸ்டெல்லா ஓடிவந்து அவரிடம் ஒரு பொட்டலத்தை நீட்டியது. வாங்கிக்கொண்டார். ஜீப் திரும்பும்போது அவர் வாய் அசைந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். என் வேண்டுதல் சுண்டல் கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஷிப்ட் பேச்சு அதோடு நின்றது. தையல் கிளாஸ் பேச்சும் நின்றது. தனம் நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "அண்டாவ ஒழுங்கா கொண்டாந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். கட்டடமும் வந்தது. ஆனால் அரசாங்கக் கட்டடம் பாருங்கள், நிதானமாக வந்தது. நாயகி பத்தாவதையும் அதே வாசற்படியில் பாதி உள்ளே பாதி வெளியே உட்கார்ந்தே படித்து முடித்தாள். நல்ல மார்க். வரலாற்றில் மட்டும் கொஞ்சம் கணக்கு கலந்திருந்தது.

எனக்குப் படிப்பு கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நெரிந்துகொண்டு உட்கார்ந்தால் என்ன செய்யவேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கப்போவதும் இல்லை. கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். பக்கத்து ஊர்ப் பள்ளிகளைப் பத்தாவது வரை உயர்த்தினால் பாதிக் கூட்டம் பஸ் ஏறாது, அது ஒன்று. இன்னொன்று, பார்க்க வருகிற அதிகாரி சொல்லாமல் வரவேண்டும். மழை பெய்கிற நாளாகப் பார்த்து வரவேண்டும். முக்கியமாக, என்னை மாதிரி ஆளிடம் யாரும் "பாத்துக்க" என்று சொல்லிவிடக்கூடாது.

வீட்டில் அந்த உத்தரவு இன்றைக்கும் அமலில் இருக்கிறது. விருந்தாளி வருகிறார் என்றால் தனம் முதலில் என்னைத்தான் கடைக்கு அனுப்புவாள், நான் எதையும் ஒழுங்கு பண்ணிவிடக்கூடாது என்று. பீரோவைத் திறந்தால் இப்போதெல்லாம் துணி சரிவதில்லை. கொடியிலேயே கிடக்கிறது.

நாயகி விஷயம் வேறு. புதிதாக வந்த யாருக்காவது என்னை அறிமுகம் செய்யவேண்டி வந்தால், ஒரு நொடி என்னை மேலும் கீழும் பார்த்து, "தெரியாது சார்" என்பாள். பஸ் ஸ்டாண்டில், பாங்கில், அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட. (மாப்பிள்ளை வீட்டார் காபியைக் கீழே வைத்துவிட்டார்கள். விளக்கம் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அந்தக் கதையைக் கேட்டுத்தான் மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போயிற்றாம்.)

கல்யாணத்தன்று மண்டபத்தில் நல்ல கூட்டம். மேடையில் குடும்பப் போட்டோ. எனக்கு மேடை என்றால் கூச்சம். ஓரமாக, பாதி மேடையிலும் பாதி படியிலுமாக நின்றேன். போட்டோக்காரத் தம்பி என்னைப் பந்தி பரிமாறுகிறவர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"சார், நீங்க கொஞ்சம் எறங்குங்க. போட்டோல வர்றீங்க" என்றார். நான் அசையாததைப் பார்த்து மணப்பெண்ணிடமே கேட்டார். "இவரு யாரும்மா?"

நாயகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேடையில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தெரியாது சார்" என்றாள்.

மண்டபம் குலுங்கியது. போட்டோக்காரத் தம்பி ஒன்றும் புரியாமல் என் கையைப் பிடித்து இறக்க வந்தார். நாயகி மாலையைத் தள்ளிக்கொண்டு, நடுவில் கையை நீட்டித் தடுத்தாள்.

"வுட்டுடுங்கண்ணா. அது அவரு எடம்."

அந்தப் போட்டோ எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எல்லாரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். நான் மட்டும் ஓரத்தில் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிறேன். தலையில் அண்டா இல்லாதது ஒன்றுதான் குறை.